ஐந்தாம் வார்த்தை எனக்கு

மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்கள், அதாவது தவக்காலம், முடியும்வரை காப்பி குடிப்பதில்லை என்று தீர்மானம் எடுத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. உபவாசம் என்றால் எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் எழுதுவது: வீட்டுக்காரரிடம் சொன்னேன். காப்பித்தூள் வாங்குகிறவர் அவர்தானே, சொல்லாமல் எப்படி? பால்காரரிடம் சொன்னேன். பால் குறைக்க வேண்டுமே. எமரால்டு அக்காவிடமும் சொன்னேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. காப்பி குடித்ததால் அல்ல.

பெரிய வெள்ளி மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனையில், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவார்கள் அல்லவா? எங்கள் சபையில் ஆறு வார்த்தைகள் ஆண்களுக்கு. பெண்களுக்கென்று விட்டுவைத்த ஒன்று எமரால்டு அக்காவுக்கு. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் நிரந்தரச் செயலாளர் அவர். "ஸ்திரீயே, அதோ உன் மகன்" என்கிற மூன்றாம் வார்த்தைக்கு அவர் பெயரில் பட்டாவே போட்டிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அழுவார். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அழுவார்.

இந்த வருஷம் புதிதாக வந்திருக்கும் ஐயர் சின்ன வயசு. (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) "அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டாங்க, நாமளும் போடுவோம்" என்று எங்கள் எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டுக் காணிக்கைப் பையைக் குலுக்கிவிட்டார். மூன்றாம் வார்த்தை தபால் ஆபீஸ் ஜெயசிங்குக்குப் போனது. ஐந்தாம் வார்த்தைக்கு ஐயர் எடுத்த சீட்டில், "திருமதி பியூலா தனசிங்!"

நான்! சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டிப் படம் வரைந்து கொடுக்கிற நான்! "தாகமாயிருக்கிறேன்" எனக்கு வந்துவிட்டது.

வீட்டுக்காரர் சொன்னது: "ஒத்த வார்த்தைய வச்சி இருவது நிமிசம் பேசணுமாக்கும்? உனக்கென்ன பிள்ள, வார்த்தையே இல்லாம ரெண்டு மணி நேரம் பேசுவியே."

யாராவது வராவிட்டால் பதிலுக்குப் பேச எமரால்டு அக்காவை வைத்திருக்கிறார்கள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெயில் காலம் பியூலா. உடம்பப் பாத்துக்கோ. தொண்டை கிண்டை கட்டிச்சின்னா மறைக்காம எங்கிட்ட சொல்லிரு." எவ்வளவு அன்பு!

மார்ச் 11, செவ்வாய்

சுகிர்தம் மைனியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தேன். மைனி என்பது வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு எங்களோடுதான் இருக்கிறார். செவ்வாயும் சனியும் மிஷின். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாததால், நாள் முழுவதற்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். காப்பி, குழம்பு, மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. இளநீர் கூடவே கூடாது.

அந்தப் பாட்டிலை நிரப்புவது, ஒளித்து வைப்பது, கேட்கும்போது முறைப்பது எல்லாம் என் இலாகா. மைனி என்னை "தண்ணி மந்திரி" என்பார்.

மார்ச் 20, வியாழன்

பிரசங்கம் வளர்கிறது. கிரேக்கத்தில் இந்த வார்த்தை "திப்ஸோ" என்று யூடியூபில் ஒரு போதகர் சொன்னார். அதை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும். சபையில் பாதிப் பேர் பயந்துவிடுவார்கள், மீதிப் பேர் மதிப்பார்கள்.

மூன்று தலைப்புகள்: தேகத்தின் தாகம், தேவனின் தாகம், தேசத்தின் தாகம். மூன்றாவதில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் விட மனசில்லை, மூன்றும் "தே"யில் வந்திருக்கிறது.

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறேன். எங்கள் அறைக்கும் மைனி அறைக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான் என்பதால் சத்தத்தை அடக்கித்தான் பேசினேன். அடக்கியும் கம்பீரமாகத்தான் இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

மானம் போனது. மிஷினில் ஏற்றுமுன் மைனிக்கு எடை பார்த்தார்கள். கூடிக் கிடக்கிறது. நர்ஸ் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள்: "வீட்ல பாத்துக்கிட மாட்டீங்களாம்மா? தண்ணி ஏறிப் போயிருக்கு."

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், "பாட்டில் அப்படியே இருக்கே மைனி. எங்க குடிச்சிய?"

"குடிச்சேன்."

"அதான் எங்கன்னு கேக்கேன்."

"தண்ணி இருந்த இடத்துல."

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேனைத் தூக்கி எங்கள் அறைக்குள் வைத்தேன். இச்சையடக்கம் ஆவியின் கனி என்று மைனிக்கு ஞாபகப்படுத்தினேன். நான் காப்பியை விட்டிருப்பதையும் சேர்த்தே ஞாபகப்படுத்தினேன்.

மார்ச் 30, ஞாயிறு

கோயிலிலிருந்து வரும் வழியில், காப்பி வாசம் வந்த எந்த வீட்டுக்குள்ளும் நான் நுழையவில்லை. டீ குடித்தேன். டீயைப் பற்றி எந்தத் தீர்மானமும் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று ஒத்திகையில் எனக்கே புல்லரித்தது! தேகத்தின் தாகம் என்ற பகுதியை விரித்துவிட்டேன். உச்சி வெயில். உதடு வெடிக்கிறது. நாக்கு மேல் அன்னத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. எச்சிலை விழுங்கப் பார்க்கிறார், எச்சில் இல்லை. அந்த நேரத்தில் அவர் நினைவில் என்னென்ன ஓடியிருக்கும்? கலிலேயாக் கடல். யாக்கோபின் கிணறு. கானாவூரில் விளிம்பு வரை நிரப்பின கற்சாடிகள், தண்ணீர் தளும்பித் தளும்பித் தரையில் வழிகிறது...

கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பாதியில் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு வந்தார்.

"என்னங்க?"

"நீ பேசுதத கேட்டா எனக்கே தண்ணி தவிக்கி."

இதைவிட ஒரு பிரசங்கிக்கு என்ன வேண்டும்? இந்தப் பகுதியை இன்னும் நீட்ட வேண்டும்.

மைனிக்கு எடை இன்றும் கூடுதல். கேனைத்தான் தூக்கிவிட்டேனே, எப்படி? கண்டுபிடித்துவிட்டேன். குளியலறைக் குழாய்! ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். படித்த பெண் செய்கிற காரியமா?

ஏப்ரல் 6, ஞாயிறு

மைனி என்னைக் கூப்பிட்டார். "ஏ பியூலா, நீ மொட்டமாடில போயி பேசிப் பழகேன். காத்தோட்டமா இருக்கும்."

"அங்க கண்ணாடி இல்லையே மைனி."

"கண்ணாடி எதுக்கு? ஆண்டவரா பாக்கப் போறாரு?"

முகத்தை வைத்தே தெரிந்துகொண்டேன், மைனிக்குப் பொறாமை. சபையில் ஒருநாளும் அவரை யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. பாவம், அவருக்காக ஜெபித்தேன். ஜெபித்துவிட்டுக் கண்ணாடி முன்னால்தான் நின்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வெள்ளைப் புடவை வாங்கிவிட்டேன், சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை. துக்கமாகவும் இருக்க வேண்டும், சபை யூடியூபில் போடும் நேரலையில் எடுப்பாகவும் தெரிய வேண்டும். கடைக்காரர் ஒரு மணி நேரம் பிரித்துப் போட்டார். தோஹாவில் இருக்கும் மகள் வேலைக்கு லீவு போட்டுப் பார்க்கப்போகிறாளாம்.

குருத்தோலைப் பவனியில் எமரால்டு அக்கா என் பக்கத்திலேயே நடந்தார். "தொண்டை எப்படி இருக்கு?" என்றார். "அல்லேலூயா" என்று முழுத் தொண்டையில் பாடிக் காட்டினேன். முகம் விழுந்துவிட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே ஏறுச்சின்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். ஆள் தாங்காது. நீங்கதான் பாத்துக்கணும்."

பயந்துவிட்டேன். குளியலறைக் குழாயை இனி மெயினில் அடைத்துவைக்கும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். தண்ணீர் வரும் வழி எல்லாவற்றையும் அடைத்தாயிற்று. மைனி ஏன் இப்படிச் செய்கிறார் என்றுதான் விளங்கவே இல்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

முழு உடையில் ஒத்திகை. கானாவூர் ஜாடிகளோடு பெத்லகேமின் ஒலிமுக வாசல் கிணற்றையும் சேர்த்தேன். தாவீது ஏங்கினானே, அந்தத் தண்ணீர். அற்புதமாக வந்தது!

மைனி அறையை எட்டிப் பார்த்தேன். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். சிரித்துவிட்டேன். வேலைக்காரி பொன்னுத்தாய் பூச்செடிக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரைக் காணோம் என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் ஏதாவது புலம்பல்.

நாளைக்கு! ஆண்டவரே, உமக்கே மகிமை. நேரலை மட்டும் நடுவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் குளித்து, புதுப் புடவையைக் கட்டி, கொசுவத்துக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஒரு சத்தம், சைக்கிளுக்குக் காற்றடிப்பது போல. போய்ப் பார்த்தால் மைனி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். படுக்க முடியவில்லை. கால் இரண்டும் உப்பிக் கிடக்கிறது. உதட்டில் நீலம்.

வீட்டுக்காரர் துணை மின்நிலையத்தில் நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வரவில்லை. அந்த நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதலாமா? எழுதுகிறேன். 'மத்தியானம் மூணு மணி வரை தாங்குவாரா' என்று நினைத்தேன். நினைத்ததும் என் உடம்பே கூசிவிட்டது. ஆட்டோவுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆக்ஸிஜன் வைத்து மிஷினில் போட்டார்கள். டாக்டர் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "தண்ணி எடுக்க ஆரம்பிச்சிருக்கோம், பாப்போம்" என்றார். வீட்டுக்காரர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சிரைப்பு தணிந்தது. நர்ஸ் முகமூடியை நகர்த்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். "ஏன் பாட்டி இப்படிச் செய்றீங்க? செடிக்கு வச்ச தண்ணியக் குடிச்சேன்னு சொல்லுதீங்களே, பகவானே!"

மைனி விட்டு விட்டுச் சொன்னார்: "ரெண்டு வருசமா... அடக்கிட்டுத்தான் இருந்தேன். இவ... தாகம் தாகம்னு... சாடியில தண்ணி தளும்புதுன்னு... தெனமும் சொல்லச் சொல்ல... மனுசி என்ன செய்ய?"

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"பிரசங்கம்" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதே கிடையாது.

வீட்டுக்காரர் திட்டவில்லை. மணியைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கு. நான் அக்காவப் பாத்துக்கிடுதேன், நீ கோயிலுக்குப் போ."

மைனியும், "போ பிள்ள. இவ்வளவு நாள் படிச்சது வீணாப் போயிருமே" என்றார். மூச்சு வாங்க வாங்க எனக்காகக் கவலைப்படுகிறார்! இந்த மனுஷியையா பொறாமைக்காரி என்று எழுதி வைத்திருக்கிறேன்?

வாசல் வரைக்கும் போனேன். பொய் எதற்கு? ஆட்டோவைக் கூடக் கையைக் காட்டி நிறுத்தினேன். ஏறுவதற்குக் காலைத் தூக்கினால், ஒரு வரி ஞாபகத்துக்கு வந்தது. 'எச்சிலை விழுங்கப் பார்க்கிறார், எச்சில் இல்லை.' அதைத் திரும்பச் சொல்ல என்னால் முடியாது என்று தெரிந்துபோனது. அது பக்தி அல்ல, வெட்கம். ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார்.

ஐயருக்குப் போன் செய்தேன். "அப்ப எமரால்டு அம்மாவப் பேசச் சொல்லட்டுமா?" என்றார். பக்கத்தில் யாரோ "ஸ்தோத்திரம்!" என்றது தெளிவாகக் கேட்டது.

மதியம், வீட்டுக்காரர் மாத்திரை வாங்கப் போயிருந்தார். டயாலிசிஸ் அறையில் மிஷின்கள் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. மைனி கண்ணைத் திறந்தார்.

"மணி என்ன?"

"ரெண்டு தாண்டிட்டு."

"உன் வார்த்தை வார நேரந்தான? இங்க பேசு."

"மைனி, சும்மா இருங்க."

"இவ்வளவு நாளு தடுப்புக்கு அந்தப் பக்கமே கேட்டேன். இன்னைக்கு நேர்ல பாக்கேன்."

பக்கத்துக் கட்டிலில் மேலப்பாளையம் காதர் மைதீன் பாய். எதிர்க் கட்டிலில் முருகையா, பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முறை, செவ்வாய்தோறும் பார்க்கிற முகங்கள். "பேசுங்கம்மா, நேரம் போகட்டும்" என்றார் பாய். நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, "மெதுவா" என்றாள்.

எழுந்து நின்றேன். "கிரேக்க மொழியில்..." என்று ஆரம்பித்தேன். மூன்று முகங்கள். மூன்று பேருக்கும் வெடித்த உதடு. உலகத்திலேயே இந்தப் பேச்சுக்குத் தகுதியான சபை, தகுதியே இல்லாத பிரசங்கி. அந்த வரியோடு நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா தலைப்பு?" என்றார் பாய்.

"தாகம்."

மூன்று பேரும் சிரித்தார்கள் பாருங்கள்! முருகையா சிரித்த சிரிப்பில் மிஷினின் அலாரம் கூவிவிட்டது, நர்ஸ் ஓடி வந்து ஊசி குத்தியிருந்த அவர் கையை நேராக வைத்தாள்.

"இந்த வருசம் டாக்டர் என்னை நோம்பு பிடிக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றார் பாய். "என் பொண்டாட்டிட்ட சொன்னேன், வருத்தப்படாதட்டி, எனக்கு வருசம் பூரா நோம்புதான், திறக்கதுதான் இல்லன்னு."

"எனக்குக் கனவுல சோடா வருது அண்ணாச்சி" என்றார் முருகையா. "கோலியத் தட்டுத சத்தத்துலயே முழிச்சிருவேன். குடிக்கவே விடமாட்டாங்குது."

"எனக்குக் கொழாய்" என்றார் மைனி. "ஸ்கூல்ல பிள்ளைய கையக் குவிச்சிக் குடிப்பாளுவல்லா. அந்தக் கொழாய்."

என் இருபது நிமிஷத்தை அவர்கள் மூவரும் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பு இல்லை, கிரேக்கம் இல்லை. ஒருவர் சொல்ல மற்றவர்கள் "ஆமா ஆமா" என்றார்கள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

திடீரென்று மைனி என்னைக் கேட்டார். "ஏட்டி, அவரு கேட்டாருல்லா, ஒருத்தராவது குடுத்தாவளா?"

"காடி குடுத்தாங்க மைனி. கடற்பஞ்சுல தோச்சி."

"புளிச்சதா?"

"ஆமா."

மைனி கூரையைப் பார்த்தார். "உதட்டுலயாவது பட்டுச்சே. எனக்குத் தெரியும், அது எவ்வளவு பெருசுன்னு." பிறகு என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "உமக்கும் தெரியும்லா ஐயா."

அப்போதுதான்! எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பேனா ஓடுகிறது, மனசு அதற்கு முன்னால் ஓடுகிறது. நாற்பது நாளாக நான் அவர் தாகத்தைச் சிங்காரித்துக்கொண்டிருந்தேன், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் மைனி அவரோடு உட்கார்ந்து தாகமாயிருந்திருக்கிறார். அவர்கள் இருவருக்கும் ஏற்கனவே பழக்கம். எனக்கு இன்றைக்குத்தான் அறிமுகம். சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிற ஆண்டவர், நிஜமாகவே ஒரு வாய் தண்ணீருக்குத் தவித்த ஆண்டவர்! ஓடிப்போய் யாரையாவது உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

நர்ஸிடம் கெஞ்சி ஒரு சின்ன ஐஸ் துண்டு வாங்கினேன். மைனி உதட்டில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அது கரையும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 19, சனி

மைனி தப்பிவிட்டார். நுரையீரல் தெளிந்துவிட்டது என்று காலையில் இன்னொரு தடவை மிஷினில் போட்டுப் பார்த்துச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு உயிர்த்தெழுந்த பண்டிகைக்குக் கோயிலுக்குப் போகலாமாம், ஆட்டோவில்.

"என்னை மன்னிச்சிருங்க மைனி" என்றேன்.

"மன்னிக்கச் சொன்னது முதலாம் வார்த்தைல்லா? உனக்கு விழுந்தது அஞ்சாவதுதான?" என்றார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினார். வலித்தது.

போன் ஓயவில்லை. "மைனிக்காகப் பிரசங்கத்தையே தியாகம் பண்ணிட்டியாமே!" என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். யார் கிளப்பினார்களோ, நான் இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே நான் இல்லை. சாயங்காலம் ஐயரே கூப்பிட்டார். "நாளைக்கு ஆராதனையில சாட்சி நேரம் இருக்கும்மா. நீங்க இதைச் சொன்னா சபைக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

போனை வைப்பதற்குள் மனசில் மூன்று தலைப்புகள் வந்துவிட்டன. தியாகம், தியானம், தி...

கர்த்தாவே, என்னை என்னிடமிருந்து காப்பாற்றும்.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

விடியற்காலை ஆராதனை. மைனிக்கு வெளிர்மஞ்சள் புடவை கட்டிவிட்டு, மூன்றாவது பெஞ்சில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தேன். பாட்டு கூரையைப் பிய்த்தது. எனக்கு உள்ளே ஒரு துள்ளல், பத்து வயசுப் பிள்ளை மாதிரி.

"சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஐயர் நேராக என்னைப் பார்த்தார். ஐயர் பார்த்ததால் சபை பார்த்தது. முதல் வரிசையிலிருந்து எமரால்டு அக்கா திரும்பிப் பார்த்தார்.

என் முழங்கால்களுக்கு என்னைத் தெரியும். அவை தாமாக எழும்பத் தொடங்கின. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்தால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். அழகாகத்தான் சொல்வேன். அழுதும் விடுவேன். முடிக்கும்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆண்டவரை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஐஸ் துண்டு அவருடையது. அவரிடமே இருக்கட்டும்.

நான் எழவில்லை. எமரால்டு அக்கா எழுந்தார், ஐந்தாம் வார்த்தையைப் பேசக் கடைசி நேரத்தில் தேவன் தன்னை எடுத்துப் பயன்படுத்தின விதத்தைச் சொன்னார், அதே இடத்தில் அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்காக உண்மையாகவே "ஆமென்" சொன்னேன்.

மைனி என் காதருகே குனிந்தார். "ஏன் எந்திக்கல?"

"சொல்லத் தோணல மைனி."

மைனி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றார்.